தொய்வு என்று சொன்ன நோய்

என் தம்பி லியோனுக்கு நெடுந்தீவே வைத்தியம் பார்த்தது. ஒரு வீட்டிலிருந்து தூதுவளைச் சாறு வரும், இன்னொரு வீட்டிலிருந்து ஆடாதோடைக் கசாயம் வரும். எல்லாம் மூச்சு முட்டும் தொய்வுக்கு. அவனுக்குத் தொய்வே இல்லை.

கப்பலில் சமையல் வேலை செய்துவிட்டு எண்பத்தொன்பதில் வந்தவன். கொழும்பில் இரத்தம் சோதித்து, எயிட்ஸ் கிருமி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு வாளி தண்ணீர் இழுத்தாலே மூச்சு வாங்கியது. கால் வீங்கியது, உதடு நீலம் பாரித்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் விளங்கப்படுத்தினார்: இருதயத்திலிருந்து சுவாசப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் ஒடுங்கி அமுக்கம் ஏறிவிட்டது, தள்ளித் தள்ளி இருதயம் களைத்துவிட்டது, அந்தக் கிருமி உள்ள சிலருக்கு இப்படி வருமாம். மாற்ற மருந்தில்லை. வீக்கத்து நீர் வற்றக் குளிசை மட்டும் தந்தார்.

ஊருக்கு என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். எயிட்ஸ் என்று தெரிந்தால் அவன் பிள்ளைகள் இரண்டையும் கிணற்றடியில் அண்டவிடுவார்களா?

"தொய்வெண்டு சொல்லுவம், மச்சாள்" என்றாள் அவன் பெண்சாதி மேரிஜோசப்பின். அப்படியே சொன்னோம்.

தொண்ணூற்றொன்றில் சண்டையால் யாழ்ப்பாணப் பாதை அடைபட்டது. குளிசை முடிந்தது. லியோன் படுக்க ஏலாமல் கதிரையிலேயே இருந்தான். அவசர நோயாளரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகப் படகு வருகிறது என்று கேள்விப்பட்டு, கதிரையோடு தூக்கிக்கொண்டு துறைக்குப் போனோம். ஊர்ச்சனம் முழுக்க அங்கேதான். படகில் ஓரிடம் மிச்சம். ஆட்களைப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்த ஊர் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வல்லிபுரம் எங்களைக் கேட்கமுன், பக்கத்து வீட்டு அல்போன்சம்மா முந்திக்கொண்டு, பாவம் தொய்வுக்காரன் என்றாள். அவளுடைய நல்ல மனத்தை நான் என்ன செய்ய!

தொய்வுக்குப் படகு இல்லை, மருந்து இங்கேயே தரலாம் என்றார் அவர். இருதயமும் பழுது என்று மேரி கெஞ்சினாள்.

"இந்த வயதிலை இருதயமோ? என்னத்தாலை வந்ததெண்டு டொக்டர் சொன்னவர், பிள்ளை?"

மேரி வாயைத் திறந்தாள். லியோன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். பிள்ளைகள் இரண்டும் கதிரையைப் பிடித்தபடி நின்றன.

"தெரியாது, ஐயா. தொய்வுதான்" என்றாள்.

பிள்ளைப்பேற்று நோவோடு நின்ற ஒருத்தியை ஏற்றிக்கொண்டு படகு போனது. அந்தக் கிழமையே லியோன் கதிரையில் இருந்தபடி செத்துப்போனான்.

செத்தவீட்டில் அல்போன்சம்மா மாரில் அடித்து அழுதாள். "தொய்வுக்காரர் கிழடாகியும் இருக்கினம். இவனுக்கு மட்டும் ஏன் இப்பிடி?" என்று மேரியைக் கேட்டாள்.

பிறகு அல்போன்சம்மாவே பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தன் கையால் தண்ணீர் அள்ளிக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து விட்டாள்.