ஒரே லாரியில் வந்த உறைகள்

எங்கள் கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் உறைகள் ஒரே லாரியில்தான் வந்தன. சிமென்ட் வளையங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு மூலையில் இறக்கினால் கிணறு, அதையே இன்னொரு மூலையில் இறக்கினால் மலக்குழி. லோடுமேன்கள் மனையின் நடுவில் உருட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். கொத்தனார் வந்து, "எட்டு கெணத்துக்கு, அஞ்சு குழிக்கு" என்று சொல்லிச் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டார். மறுநாள் மழையில் அந்த அடையாளமும் போய்விட்டது.

சுனாமிக்கு மறு வருஷம் அது. நாகர்கோவிலிலிருந்து கொட்டாரம் போகும் வழியில், ரோட்டோரம் இருந்த வயல்களில் செம்மண் அடித்து மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரையிலிருந்து ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியம் எல்லாம் வீடாக மாறிக்கொண்டிருந்தது. எங்கள் சம்பாத்தியமும் அதில் ஒன்று. கணவர் மஸ்கட்டில் இருந்தார். நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நாலரை சென்ட் மனையில் வீடு கட்டும் பொறுப்பு முழுவதும் என் தலையில் இருந்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது.

கிழக்கு மனையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எனக்கு முன்பே வீடு கட்டிவிட்டார். அவர் பூமி பூஜை செய்து கட்டினார். எனக்குப் போதகர் வந்து ஜெபம் செய்து கல் வைத்தார். பிறகு மேற்கே வந்த கடற்கரைக்காரர்களுக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். ஆனால் மூன்று வீட்டிலும் கல் எங்கே, கிணறு எங்கே, குழி எங்கே என்று குறி போட்டது ஒரே ஆசாரிதான். கிணறு ஈசானத்தில், அதாவது வடகிழக்கு மூலையில். குழி வாயு மூலையில், வடமேற்கில். அதில் எந்தச் சபைக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை.

ஆசாரி என் மனையில் கிணற்றுக்கு இடம் குறித்து முளைக் குற்றி அடித்தபோது நான் அருகில் நின்றேன். குற்றியிலிருந்து ஆறேழு அடி தள்ளி, கிழக்கு மனையில் டிரைவர் வீட்டுக் குழியின் காற்றுக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிறவள் நான்.

"ஆசாரியே, அவிய வீட்டுக் குழி பக்கத்துல இருக்கே?"

"அது அவியளுக்க மண்ணு, இது உங்களுக்க மண்ணு" என்றார் அவர். "நடுவுல மதிலு வருமே டீச்சரே."

நான் சரி என்றேன். வடகிழக்கில் கிணறு இல்லாமல் வீடு கட்டி, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது வந்தால் யார் பதில் சொல்வது? உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

பத்து சென்ட், இருபது சென்ட் தோப்பு விளையில் ஒரு வீடு என்று இருந்த காலத்தில் அந்த மூலைக் கணக்கு சரியாக இருந்திருக்கும். நாலரை சென்டாக அறுத்துப் போட்ட வயலில் ஒருவருடைய வடமேற்கு, அடுத்தவருடைய வடகிழக்கை ஒட்டி வந்துவிடும். டிரைவர் குழியின் பக்கத்தில் என் கிணறு. என் குழியின் பக்கத்தில் மேற்கு வீட்டுக் கிணறு. அந்த வரிசை முழுக்க இதேதான். வயலில் பத்தடியில் தண்ணீர் கிடந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. குழிகளும் அந்தத் தண்ணீரில்தான் நின்றன.

மேற்கு வீட்டுப் பெண் என்னைவிட எட்டுப் பத்து வயது இளையவள். அவளுடைய தாயைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு அலைச் சத்தம் கேட்கும் வீட்டில் இருக்க முடியவில்லை என்று, கணவனை நிர்ப்பந்தித்து இங்கே வந்தவள். அவன் கொச்சிப் பக்கம் போட்டில் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்புவான். கல்யாணம் ஆகிப் பல வருஷம் குழந்தை இல்லை. என் மகளைப் பள்ளி வேன் இறக்கிவிட்டால் நேராக அவள் வீட்டுக்குத்தான் போவாள்.

மகளுக்கு எட்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் வெறும் காய்ச்சல் என்று இருந்துவிட்டேன். ஒரு காலை வெளிச்சத்தில் அவள் கண் மஞ்சளாகத் தெரிந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் முதலில் கேட்டது, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்றுதான்.

"கிணத்துத் தண்ணி. குடிக்கக் காய்ச்சுவோம் டாக்டர்."

"பல் தேய்க்க? வாய் கொப்பளிக்க?"

"அதுக்கு அப்படியேதான் டாக்டர்." "அதுவே போதும்" என்றார்.

பள்ளியில் அறிவியல் மன்றத்துக்காக வந்த சோதனைச் சீசாக்கள் சில என்னிடம் இருந்தன. தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால், மலம் கலந்திருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். எங்கள் கிணற்று நீர் மறுநாள் மை போல் ஆகியிருந்தது.

அன்று மாலையே டிரைவர் வீட்டுக்குப் போனேன். குழியை மாற்ற வேண்டும் என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"டீச்சர், எனக்க குழி மொதல்லயே இங்க கெடக்கு. உங்க கெணறுல்லா பக்கத்துல வந்து நின்னது? நிப்பாட்டிப் போட்ட வண்டியில வந்து இடிச்சிட்டு, வண்டிய எடுன்னு சொல்லுதியளே!"

"எனக்க பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளாக் கெடக்கு."

அவர் முகம் மாறியது. "சரி, மாத்துகேன். எங்க மாத்தட்டும், நீங்களே சொல்லுங்க. தெக்க அடுக்களை. கெழக்க எனக்க கெணறு. எனக்க கெணத்துக்கு அந்தால இன்னொருத்தன் குழி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்க குழிய நான் மாத்தினா, உங்க குழிய நீங்க மாத்தாண்டாமா? மேக்க வீட்டுக் கெணறு எங்க இருக்கு? அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

கணவர் போனில் சொன்னார்: "கேன் தண்ணி வாங்கு. கெணத்த மூடு. மேக்க வீட்டுல ஒண்ணும் சொல்லிக்கிடாதே, குழிய மாத்துன்னு வந்து நிப்பாவ. எங்க கொண்டு மாத்துவ?"

மூன்றாம் நாள் மேற்கு வீட்டுப் பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள்.

"டீச்சரே, உங்க கெணத்து வெள்ளம் கேடாயிட்டுன்னு டிரைவர் வீட்டுல சொன்னாவ. பிள்ளைக்கு எங்க வெள்ளத்தக் குடுங்க. நல்ல கல்கண்டு வெள்ளமாக்கும்." குடத்தை அடுக்களையில் வைத்துவிட்டு மகளின் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏட்டி மக்கா, கண்ணக் காட்டு. கொறஞ்சிருக்கு கேட்டியா. சொகமாவட்டும், சாளை மீனு பொரிச்சுத் தாரேன். இப்ப அதுக்க மணத்தக்கூடக் காட்டமாட்டேன்." மகள் அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அவள் போனபின் அந்தக் குடத்துத் தண்ணீரில் ஒரு சீசா நிரப்பினேன். மீதியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். சீசா மறுநாள் கறுத்தது. இரண்டு சீசாக்களையும் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். கழுவித் துடைத்த குடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எதுக்கும் காய்ச்சிக் குடி மக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"இதக் காய்ச்சவா? கடக்கரையில உப்பு வெள்ளம் குடிச்சு வளந்தவளாக்கும் நான்" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். மதில் எங்களுக்கு நடுவில் இடுப்பளவுதான் இருந்தது. சொன்னால் அவள் குழியை மாற்றச் சொல்வாள், என்னால் மாற்ற முடியாது, அவள் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நகரத்தில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட ரோடுகளில் பஸ்கள் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தன. அது எங்கள் பக்கம் வராது, நாங்கள் நகராட்சி எல்லைக்கு வெளியே. குடிநீர்க் குழாய் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொன்னார்கள். அதற்குள் இன்னும் இரண்டு வயல்கள் செம்மண் ஆகின. மழைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த ஓடை ஒரு கல்யாண மண்டபத்தின் அடியில் காணாமல் போனது. எங்கள் தெருவுக்குக் கேன் தண்ணீர் வண்டி வரத் தொடங்கியது. மேற்கு வீட்டில் மட்டும் வாங்கவில்லை. வீட்டில் கிணறு இருக்கும்போது தண்ணீரை யாராவது விலைக்கு வாங்குவார்களா என்று அவள் கேட்டாள்.

அடுத்த வருஷம் அவள் கர்ப்பமானாள். தெரு முழுக்க அல்வா கொடுத்தாள். நான் மனதில் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போனேன். ஒருமுறை அவளுடைய மாமியார் இருந்தாள். இன்னொருமுறை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம் அவளுக்குக் காமாலை கண்டது.

கர்ப்பிணிகளுக்கு அது எவ்வளவு மோசமானது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மஞ்சளான முகத்தில் சிரிப்பு இருந்தது.

"பேடிக்காதுங்க டீச்சரே. உங்க பிள்ளைக்கு வந்தது தானே? அது மாறிச்சே."

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை என்று மாமியார் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்கே போய்விட்டார்கள். போகும் நாளில் என் மகளை நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம், "எங்க போனாலும் வெள்ளம் விடமாட்டேங்குதே டீச்சரே" என்றாள். கடலை நினைத்துச் சொன்னாளா, கிணற்றைப் பற்றி யாராவது அவளிடம் சொல்லியிருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பல வருஷம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை வாங்கப் போன வருஷம் ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. கூட வந்த புரோக்கர், "ஈசானத்துல கெணறு, சாஸ்திரம் பிசகாத வீடு" என்று சொல்வது என் வாசலுக்குக் கேட்டது. நான் மதிலருகில் போய் நின்று, இவ்வளவு காலம் சொல்லாததைச் சொன்னேன். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், எங்கள் குழி இதோ மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அதன் தண்ணீர்தான் இதில் வருகிறது என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வாங்க வந்த பெண் புரோக்கரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேன் போடுகவன் இங்க வருவான்லா டீச்சர்? இப்ப எங்கதான் கெணத்துத் தண்ணி குடிக்காவ?"

வீட்டை வாங்கிவிட்டார்கள். என் மகள் இப்போது வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். தினமும் போனில் நான் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். அவளுக்கு எரிச்சல் வருகிறது.

காலையில் நான் வாசல் தெளிக்கும்போது மேற்கு வீட்டுக் குழந்தை கிணற்றடியில் நின்று பல் தேய்க்கிறது. வாளித் தண்ணீரைக் கையில் அள்ளி, கன்னம் உப்ப வாயில் வைத்திருந்து கொப்பளிக்கிறது. அதன் அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். இரண்டு முறையும் "சரி டீச்சர்" என்றாள். மூன்றாவது முறை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாளியோடு நிற்கிறேன். குழந்தை என்னைப் பார்த்து, வாயில் தண்ணீரோடு சிரிக்கிறது.