ஹார்லன் சிரித்த பாகம்

வெர்னா லிண்ட்க்விஸ்ட் முப்பத்தொரு வருடம் அமெரிக்காவில் பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரப் பள்ளி ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் சமைத்தவர். எண்பத்திரண்டு வயதிலும் அவர் கைக்கு நானூறு பிள்ளைகளுக்கான அளவுதான் வரும். பக்கத்து வீட்டுக்கு நான் தனியாகக் குடிவந்த அன்று, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்டு எடுத்துவந்து, "ஏரிக்காத்து பசியக் கிளப்பும், சுகந்தி. சாப்பிடு" என்றார். ஒரு வாரம் சாப்பிட்டேன்.

அவர் கணவர் ஹார்லனை நான் பார்த்ததில்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்கு இரும்புத்தாது ஏற்றியவர். நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உணர்ச்சியைக் காட்டினால் கூச்சம். பிடித்திருந்தால் "பரவாயில்ல" என்பார்கள். ரொம்பப் பிடித்திருந்தால், "அவ்வளவு மோசமில்ல". கல்யாண உடையில் வந்து நின்ற வெர்னாவிடமும் ஹார்லன் அதைத்தான் சொன்னாராம்.

அவர் விட்டுப்போனது அறுபத்துமூன்று வீடியோ கேசட்டுகள். எண்பதுகளில் வாராவாரம் டிவியில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடர், சலவைக்கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. விளம்பரம் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி, முடிந்ததும் மறுபடி அமுக்கி, ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமான எழுத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வெர்னா அதில் ஒன்றைப் போடுவார், நானும் போய் உட்காருவேன். இந்த ஊரில் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் அலுவலகத்தில் திருதிருவென விழித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் தொடரில் பின்னால் கேட்கும் கூட்டத்தின் சிரிப்பு பெரிய துணையாக இருந்தது.

ஒரே பெட்டியில் அடைத்திருந்த கேசட்டுகளில் பூஞ்சை வாடை. வெர்னாவுக்கோ மூச்சிரைப்பு. எனக்கு எதைக் கண்டாலும் பயம் வரும். அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவர் இருமுவதைக் கேட்டுப் பயந்தேன். முழுத் தொடரும் டிவிடியாக வந்திருக்கிறது, வாங்கித் தருகிறேன், இதையெல்லாம் சர்ச்சில் நடக்கும் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். அடுத்த வாரமும் கேட்டேன். வேண்டாம் என்றார்.

இங்கே காபி வேண்டுமா என்று கேட்டாலும் இரண்டு முறை மறுப்பார்கள். மூன்றாவது முறை கேட்டால்தான், "சரி, உனக்குச் சிரமமில்லன்னா" என்பார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. கற்றுக்கொண்ட பெருமையில் மூன்றாவது முறையும் கேட்டேன்.

"சரி, உனக்குச் சிரமமில்லன்னா" என்றார் வெர்னா.

அக்டோபரில் பெட்டி சர்ச்சுக்குப் போனது. வீடியோ இயந்திரத்தை மட்டும் அவர் கொடுக்கவில்லை. அதிலிருக்கும் கடிகாரத்தில்தான் மணி பார்ப்பார். டிவிடிகள் வந்தன. படம் பளிச்சென்று இருந்தது. வரிசையாகப் பார்த்துவந்து, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மாமியார் வருகிற பாகத்துக்கு வந்தோம். வெர்னா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரர், நாற்காலியில் பழப் பணியாரம் இருப்பது தெரியாமல் உட்காரப் போவார், அங்கே கவனி என்றார்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். அடுத்த நொடி எல்லாரும் சமையலறையில் இருந்தார்கள்.

நான் பின்னால் ஓட்டிப் போட்டேன். கதவு. சமையலறை. மறு ஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் வேண்டி எப்போதோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டினதையே டிவிடியிலும் போட்டுவிட்டார்கள்.

"அவர் சிரிச்சது அங்கதான்" என்றார் வெர்னா.

மெதுவாகத்தான் சொன்னார். கலிபோர்னியாவில் இருந்த தன் தங்கையைப் பார்க்க இருவரும் போனபோது, அந்தப் பாகம் எடுப்பதை நேரில் பார்க்கச் சீட்டு கிடைத்திருக்கிறது. தொடரில் பின்னால் கேட்கும் சிரிப்பு அப்படி நேரில் பார்க்க வந்தவர்களுடையதுதான். கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த ஹார்லன், வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். பனியில் கிளம்ப மறுக்கும் லாரி மாதிரி இரண்டு தடவை திணறி, பிறகு பிடித்துக்கொண்டதாம். அது டிவியில் வரும்போது பிடித்துவைக்கத்தான் வீடியோ இயந்திரமே வாங்கினாராம்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டிவிடிலயும் இருக்கும்னு நெனச்சேன். அதோட, இதெல்லாம் போய் ஊருக்குச் சொல்லிட்டிருப்பாங்களா?"

மறுநாள் சர்ச்சுக்கு ஓடினேன். விற்பனையைக் கவனிக்கும் ஆர்லோவிடம், நாக்கு குழற, பெட்டியைப் பற்றிக் கேட்டேன். கேசட்டை இப்போது யார் வாங்குகிறார்கள் என்றார். குப்பையில் போட்டுவிட்டீர்களா என்றேன்.

"தூக்கிப் போடல. நல்ல கனமான பொட்டி. கீழ்த்தளத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கேன். இந்தக் குளிர்காலம் பூரா ஒரு தடவகூட அடிச்சுக்கல."

மேலே இருந்தவை பனி உருகி நனைந்து, ஒட்டிப்போயிருந்தன. எனக்கு வேண்டிய தேதி நடுவில் இருந்தது. பெட்டிக்குப் பதிலாக, ஆர்லோ கேட்டபடி, இரண்டு செங்கல் கொண்டுபோய் வைத்தேன்.

அன்று மத்தியானமே போட்டோம். படம் நடுங்கியது. வீட்டுக்காரர் உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. அதற்கு அடியில், இடது பக்கத்திலிருந்து ஒரு திணறல். இன்னொரு திணறல். பிறகு அறையையே நிரப்புகிற மாதிரி ஒரு குரல் எழும்பியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அது நின்றது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டேயிருந்தார்கள், அந்தக் குரல் மட்டும் இல்லை.

கேசட்டில்தான் கோளாறு என்று நினைத்து எழுந்தேன்.

"உக்காரு. டேப்புல ஒண்ணுமில்ல" என்றார் வெர்னா. வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "நான்தான் இடிச்சேன். ஹார்லன், எல்லாரும் பாக்குறாங்கன்னேன். ஒரு பொம்பள திரும்பிப் பாத்தா. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு சிரிக்கவேயில்லையா என்று கேட்டேன்.

"பரவாயில்லன்னு சொல்வார்."

இப்போதும் சனிக்கிழமைகளில் டிவிடிதான் பார்க்கிறோம். முடிந்ததும் அந்தக் கேசட்டைப் போட்டு, ரிமோட்டை அவரே கையில் வைத்துக்கொள்கிறார். தான் இடித்த இடம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடப் பார்க்கிறார். பழைய இயந்திரம், எவ்வளவு சீக்கிரம் அமுக்கினாலும் ஒரு நொடி கழித்துத்தான் நிற்கிறது.