உலாத்தும் உத்தியோகம்

தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுக ஆபீசுக்குப் போக எனக்கு ராயபுரத்துப் பூங்காதான் குறுக்கு வழி. ரோட்டில் போனால் மாட்டுவண்டி, நிலக்கரிப் புழுதி, ரயில்வே கேட். கேட்டை மூடிவிட்டால் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை ஈ ஓட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பூங்காவுக்குள்ளோ வேப்பமர நிழல், செம்பருத்தி, நடுவில் ஒரு குளம். தற்காலிக குமாஸ்தாவுக்கு வேறென்ன சொர்க்கம் வேண்டும்?

எந்தப் புண்ணியவானுக்கு மூளை குழம்பியதோ, ஒருநாள் வாசலில் பலகை முளைத்தது: 'பூங்கா உலாவுவதற்கு மட்டும். வேலைக்குச் செல்வோர் குறுக்கே நடக்கக் கூடாது.' காவல்காரருக்குக் காக்கிச் சட்டையும் ஒரு ஊதலும் வேறு கொடுத்துவிட்டார்கள். கேட்க வேண்டுமா!

"இன்னா சாரே, ஜல்தியா போய்கினு கீறே? ஆபீசா? ரோட்டுல போ!"

எனக்குப் பின்னால் வந்த மீன்காரம்மா கூடையோடு நின்று அவரைக் கேட்டாள்: "உலாத்தறதுன்னா இன்னா நைனா?"

"வேல வெட்டி இல்லாம சொம்மா நடக்கறது."

"அப்ப நா செத்தப்பறம் வர்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் ரோட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.

எனக்கு அந்த ரோஷம் ஏது? ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். இன்னொரு தடவை துறைமுகச் சங்கு ஊதியபின் வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று ஆபீஸ் துரை சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். ஆகவே உலாத்தப் பழகினேன். தூக்குச் சட்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்து, மேல்துண்டால் மூடிக்கொண்டு, ஜமீன்தார் மாதிரி ஒவ்வொரு செடியிடமும் நின்று தலையாட்டுவேன். காவல்காரர் தலை மறைந்ததும் பிடிப்பேன் ஓட்டம்.

ஒருநாள் செம்பருத்தி அருகே இன்னொரு ஜமீன்தார் நின்றிருந்தார். பார்த்தால், எங்கள் ஹெட் கிளார்க்! கோட்டுக்குள் சோற்றுச் சட்டி துருத்திக்கொண்டிருந்தது. காவல்காரரோ எங்கள் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல பூ," என்றேன்.

"பேஷான பூ," என்றார்.

இருவரும் குளத்தைச் சுற்றினோம். காவல்காரர் நகர்கிற வழியாக இல்லை. மறுபடியும் சுற்றினோம். துறைமுகச் சங்கு ஊதியது. அப்போதும் பூவைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றோம்.

ஹெட் கிளார்க்கே கூட இருக்கிறார், அவர் சொன்னால் எடுபடும் என்று நம்பித்தான் துரைமுன் போய் நின்றேன். அவரும் சொன்னார், அழகான இங்கிலீஷில்: "இவன் பூங்காவில் பூப் பார்த்துக்கொண்டு உலாத்துகிறான், சார். இவனை இழுத்து வரப்போய் எனக்கும் நேரமாகிவிட்டது."

அடப் பாவி மனுஷா! துரை அவரைத் தட்டிக்கொடுத்தார். என் சீட்டைக் கிழித்து அப்போதே வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாளும் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போக வேறு இடமில்லாமல் பூங்காவுக்குள் நுழைந்தேன். மனைவி கட்டிக்கொடுத்த சோறு கையில் பகிரங்கமாகத் தொங்கியது. சங்கு ஊதியது. யாருக்கோ ஊதுகிறது என்று குளத்தைச் சுற்றி வந்தேன்.

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காவல்காரர் கிட்டே வந்து, முதல்முறையாக எனக்கு ஒரு சலாம் வைத்தார்.

"இப்பத்தான் சாரே நீ கரீட்டா உலாத்தறே."