கடைமடைக்கு முதல் முறை

எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் நான் பெரிய மனுஷி ஆனேன். இதைவிட மோசமான நேரம் வேறு கிடைத்திருக்காது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதாவது படிக்க ஊரைவிட்டு வெளியே போகவேண்டும். வெளியே போகக்கூடாத வயசும் அதே சமயத்தில்தான் வந்து தொலைத்தது. சடங்குக்குச் சீர்வரிசையோடு வந்திருந்த தாய்மாமன், இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே, "அவ்வளவுதானே, இனிமே நிறுத்திட வேண்டியதுதான்" என்றார். பாயசத்தைச் சொல்கிறாரா, பள்ளிக்கூடத்தைச் சொல்கிறாரா என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பாயசத்தை அவர் நிறுத்தவில்லை.

'நிறுத்துவது' என்பது எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிவைத்த சொல். பையன்கள் படிப்பை விடுவார்கள், பெயிலாவார்கள், ஓடிப்போவார்கள். பெண்களை நிறுத்துவார்கள். "உங்க பொண்ண எப்போ நிறுத்துனீங்க?" என்று கல்யாணவீட்டில் சாதாரணமாக விசாரித்துக்கொள்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன ஓடுகிற வண்டியா?

அப்பாவிடம் கேட்டால் வாய்தாதான் கிடைக்கும். "பாக்கலாம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்." அவருக்கு அப்போது வேறு வாய்தாக்களும் இருந்தன. ஆட்சி மாறி, குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. எங்களுக்கு நிலம் குத்தகைக்கு விட்டிருந்த மிராசுதார், சட்டம் முழுசாக எழுந்து நிற்பதற்குள் எங்களை வெளியேற்றிவிடப் பார்த்தார். அப்பா விடவில்லை, வழக்குப் போட்டார். திருத்துறைப்பூண்டிக்கும் கிழக்கே, காவிரி கடலுக்குப் போகிற வழியில் களைத்துப்போய் வந்து சேரும் கடைமடை எங்கள் ஊர். மிராசுதார் வயல் வாய்க்காலின் தலைப்பில், எங்களுடையது வாலில். அவர் வயல் குடித்து மிச்சம் வைத்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். முறை வைத்துத் திறந்துவிட்டாலும் முதல் முறை அவருக்குத்தான். எங்கள் முறை வரும்போது வாய்க்காலில் சேறும் நத்தையும் இருக்கும்.

பள்ளிக்கூடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று நடந்து போகும் தூரத்தில், மிராசுதார் ஊரில், அவருடைய குடும்பத்தார் நடத்தியது. ஓட்டுக் கட்டடம், பூந்தோட்டம், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது. இன்னொன்று பஸ் ஏறிப் போகவேண்டிய டவுனில், அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பாதிக் கட்டடம், பாதிக் கீற்றுக் கொட்டகை. எனக்கு எதுவானாலும் சரி. என் கவலையெல்லாம் ஒன்றுதான், ஜூன் மாதம் நான் எங்காவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா நடவு ஆட்களுக்குத் தலைவி மாதிரி. எந்த வயலுக்கு யார் யார் என்று அவள்தான் சொல்வாள். வழக்கு ஒரு பக்கம் நடந்தாலும் மிராசுதார் வயலில் நடவுக்கு அம்மாவின் ஆட்கள்தான் போகவேண்டும், வேறு ஆள் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் வருமுன்னே பம்புசெட் வைத்து அவர் வயலில் குறுவை நடவு ஆரம்பித்தாயிற்று. நான் நாற்றுமுடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வரப்பில் குடைபிடித்தபடி மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வந்து நின்றார்.

"உன் பொண்ணுக்கு நம்ம பள்ளிக்கூடத்துலயே எடம் இருக்கு. ஐயாவே சொல்லிட்டாரு. பொண்ண அனுப்பு. உன் வூட்டுக்காரர அந்தக் கேஸ மட்டும் வாபஸ் வாங்கிடச் சொல்லு. எதுக்கு வீண் மனஸ்தாபம்?"

நாற்று என் கையிலேயே நின்றுவிட்டது. வேண்டாம் என்றால் பள்ளிக்கூடம் போச்சு, சரி என்றால் நிலம் போச்சு. நடவு வரிசை முழுவதும் குனிந்தபடியே காதைத் தீட்டியது. அம்மா நிமிரக்கூட இல்லை. நட்டுக்கொண்டே கேட்டாள்.

"நல்ல பள்ளிக்கூடங்களா?"

"பின்ன? ஜில்லாவுலயே இப்படி ஒரு கட்டடம் கிடையாது."

"அப்ப ஐயா வூட்டுப் பாப்பாவும் அங்கதான் படிக்குதுங்களா?"

காரியக்காரர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அது... பாப்பாவ டவுனுக்கு அனுப்புறாங்க. பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம். வயசுப் பொண்ணு பாரு, ஆம்பளப் பசங்களோட எப்படி..."

"எம் பொண்ணுக்கு மட்டும் வயசு இல்லீங்களா?"

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை சிரிப்பு வந்து சேர்ந்தது. ஒருத்தி சிரித்த சிரிப்பில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். காரியக்காரர் குடையோடு திரும்பி நடந்தார். அம்மா அப்போதுதான் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பள்ளிக்கூடம் எதுன்னு தெரிஞ்சிபோச்சு. நாத்தப் போடு."

இப்படியாக எனக்கான பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், ஒரு வகையில், மிராசுதார்தான்.

அப்பா வழக்குக்குப் போகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு என்னை டவுனுக்கு அழைத்துப் போனார். பழக்க தோஷத்தில் குத்தகைச் சீட்டு, நெல் அளந்த ரசீது எல்லாவற்றையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டார். பெரிய டீச்சர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். என்னை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். ஒரு கணக்குக் கேட்டார். இரண்டும் சரியாக வந்தன. "சேத்துக்கலாம்" என்றார். எனக்கு வானம் கைக்கு எட்டியதுபோல இருந்தது. அடுத்ததாக அவர் சொன்னார்:

"இடம் பத்தலை, அதனால ரெண்டு முறையா நடத்துறோம். ஒன்பதாவது ரெண்டாம் முறை."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டார்.

"அம்மா, அப்படிச் சொல்லக்கூடாதுங்க. எங்க ஊரு கடைமடைங்க. ரெண்டாம் முறைன்னா என்னா வந்து சேரும்னு எனக்குத் தெரியும். எம் பொண்ணுக்கு முதல் முறையிலேயே போடுங்க."

பெரிய டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா கையால் மேசைமேல் வாய்க்கால் வெட்டியே காட்டினார். இது தலைமடை, இது கடைமடை, காலையில் படிக்கிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மத்தியானம் வருகிறவர்களுக்கு என்ன இருக்கும்? பெரிய டீச்சர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். அவரும் இந்த ஜில்லாக்காரர்தான் போலிருக்கிறது, சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

"காலையில சின்னப் புள்ளைங்க. மத்தியானம் பெரிய புள்ளைங்க. பாடம் தீர்ந்து போகாதுங்க."

"தண்ணியும் தீர்ந்து போகாதுன்னுதாங்க சொல்லுவாங்க."

பெரிய டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "வேற என்ன செஞ்சா நம்புவீங்க?"

"மதகு யாரு கையிலங்க?"

"என் கையில."

"அப்ப சரிங்க" என்று அப்பா உட்கார்ந்தார்.

ஆனால் இரண்டாம் முறையில் வேறொரு வில்லங்கம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் ஏறக்கூடிய சர்க்கார் பஸ் எங்கள் ஊருக்குத் திரும்பும் மதகடியில் நிற்காது. மிராசுதார் ஊரில்தான் நிற்கும். அங்கிருந்து இருட்டில் தனியாக நடக்கவேண்டும். வழக்கு நடக்கிற நேரம், அந்த ஊர்த் தெரு வழியாக, வயசுப் பெண். அப்பா அன்று ராத்திரி சோற்றை அளைந்துகொண்டே இருந்துவிட்டு, தலையைத் தூக்காமல் சொன்னார்: "வேற வழி தெரியல. நிறுத்திட வேண்டியதுதான் போலருக்கு."

மாமா சொன்னபோது வந்த கோபம் அப்போது வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்பா வாயிலிருந்தே அந்தச் சொல் வந்ததை என்னால் தாங்கமுடியவில்லை. அம்மா குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

"பொண்ண எதுக்கு நிறுத்தணும்? பஸ்ஸ நிறுத்துனாப் போச்சு."

முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மதகடி நெருங்கும்போது டிரைவர் ஏதோ முணுமுணுத்து பிரேக்கை மிதித்தார். எட்டிப் பார்த்தேன். சாலைக்குக் குறுக்கே நடவு ஆட்கள். முழங்கால் வரை சேறு, தலையில் சும்மாடு, வயலில் நிற்கிற அதே வரிசை. நடுவில் அம்மா.

கண்டக்டர் குதித்து இறங்கினார். "இங்க ஸ்டாப்பு கிடையாதும்மா!"

"இப்ப நிக்குதே" என்றாள் அம்மா.

"யாரு எறங்கணும்?"

"எம் பொண்ணு."

"ஒரு பொண்ணுக்காகவா?"

வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "மறியல் எங்களுக்குப் புதுசு இல்ல தம்பி. கூலிக்கு உக்காந்தோம், நெலத்துக்கு உக்காந்தோம். பஸ்ஸுக்கும் உக்காருவோம். பரவால்லியா?"

கண்டக்டர் அந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தபிறகு மறியல் தேவைப்படவில்லை. கண்டக்டரே "நடவு மதகு எறங்கு!" என்று கூவ ஆரம்பித்துவிட்டார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

முதல் நாளுக்கே திரும்பி வருகிறேன். அன்று அம்மாவும் ஆட்களும் என்னைச் சூழ்ந்துகொண்டு வீடுவரை வந்தார்கள். அப்பா வரப்பிலிருந்து ஏறி எதிரே ஓடிவந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "முறை எப்படி இருந்துச்சு?"

நான் சொன்னேன். இடைவேளையில் எல்லோரும் அடிபம்புக்கு ஓடினோம். அங்கே ஒரு வழக்கம். குடித்து முடித்தவள் அடுத்தவளுக்குத் தண்ணீர் அடிக்கவேண்டும், அதன்பிறகுதான் போகலாம். நான் ஓட்டத்தில் கெட்டி. எனக்கு முன்னால் போனவள் அடிக்க, வயிறு நிறையக் குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்பினால், எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தது மிராசுதார் வீட்டுப் பாப்பா. அவளும் ஒன்பதாவது, அதே கொட்டகை.

"அப்புறம்?" என்றார் அப்பா.

மிராசுதார் வீட்டுக் கொல்லையில் அம்மா தண்ணீர் கேட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா குனிந்து கையைக் குவிப்பாள். அந்த வீட்டு ஆள் சொம்பைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து ஊற்றுவான். அப்படித்தான் எப்போதும்.

"அப்புறம் என்ன, அவ குனிஞ்சு கையக் குவிச்சா. நான் அடிச்சேன். குடிச்சிட்டுப் போதும்னா. விட்டுட்டேன்."

"நீ முதல்ல குடிச்சியா?"

"ஆமாம்ப்பா."

"அவங்க பொண்ணு உனக்குப் பின்னால?"

"ஆமாம்ப்பா. வரிசைப்பா அது. ஓடிவந்தா யாரும் முதல்ல குடிக்கலாம்."

அப்பா திரும்பி எங்கள் வாய்க்காலைப் பார்த்தார். அதில் இன்னும் தண்ணீர் வந்திருக்கவில்லை. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கண்ணையும் சேர்த்துத் துடைத்தார். பிறகு நடவு ஆட்களைப் பார்த்து, "இன்னொருதரம் சொல்லச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். நான் இன்னொருதரம் சொன்னேன். இந்தத் தடவை, அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தே இருக்கட்டும் என்று பம்பை மெதுவாக அடித்ததாகச் சேர்த்துக்கொண்டேன். அது பொய். ஆனால் சேறு காய்ந்த அந்தக் கால்களெல்லாம் நகராமல் நின்று கேட்டன.

என்னை நிறுத்துகிற பேச்சு அதன்பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை.