கஞ்சா ஆபீஸ் மருமகள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாக்கியம் கோணல்மாணலாகத்தான் வரும். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. போன வாரம் ஆரம்பித்த விஷயத்தை முடிக்காமலே விட்டுவிட்டேன் என்று வாசகர்கள் சிலர் சொன்னார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வார விஷயத்தையாவது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் தம்பி மகள் ஷீபா அமெரிக்காவில், ஒரு மாநிலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறாள். ஊருக்குப் போகிற வழியில் அமீரகத்தில், புஜைராவில் எங்கள் வீட்டில் சில நாள் தங்கினாள். அவளுக்கும், கத்தாரில் ராஸ் லஃபானில் கேஸ் கம்பெனியில் இருக்கும் ராபினுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. முடித்திருந்தது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்…

அவள் வந்து இறங்கிய அன்றே ராபினின் அம்மா ரோசலின் அக்காவிடமிருந்து போன். அவர் மூத்த மகன் வீட்டில், துபாயில் ஜெபல் அலி பக்கம் இருக்கிறார்.

"ஞானம், பொண்ணு எதுல வேலை பாக்கா?"

"கவர்மென்ட்லதான் அக்கா."

"கவர்மென்ட்ல எதுலன்னு கேக்கேன். என் மூத்த மருமவ போன்ல தேடிப் பாத்துட்டா. சாராயமும் கஞ்சாவும்னு போட்டிருக்காம்."

நான் எழுந்துபோய் ரூம் கதவைச் சாத்தினேன். பின்னே? ஊரிலிருந்து வருகிறவர்களிடம், 'குருமாவுக்குக் கசகசாகூடக் கொண்டுவந்துவிடாதே, இங்கே அதற்கும் தடை' என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நாங்கள். அந்த இன்னொரு வார்த்தையைப் போனில் சொல்வோமா?

"இது சரிப்படாது ஞானம். கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நிறுத்தி வைப்போம் என்றால் என்ன அர்த்தம்? கல்யாணம் பேசிய வீடுகளில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

என் மகன் அந்தோணி பதறவே இல்லை. "அவங்களை இங்க வரச் சொல்லும்மா. ஷீபா எடுத்துச் சொல்லிப் புரியவைப்பா" என்றான்.

ஷீபா தலையை ஆட்டினாள். "இல்ல மச்சான். நாமதான் அங்க போகணும். புரியவைக்கப் போகக் கூடாது. கேக்கப் போகணும்."

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். மலைகளுக்கு நடுவே கார் போகும்போது, அவள் வேலை என்னதான் என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"அங்க சாராயம் விக்கவும், கஞ்சா விக்கவும் லைசென்ஸ் வேணும் அத்தை. அதைக் குடுக்குறதும், சின்னப் பிள்ளைகளுக்கு வித்துராம கண்காணிக்கிறதும் எங்க ஆபீஸ். ஆனா நான் கடைப் பக்கமே போறதில்ல. பேசுறதுதான் என் வேலை."

"யார்ட்ட?"

"சட்டசபைக்காரங்ககிட்ட. அப்புறம் பழங்குடிக்காரங்ககிட்ட."

சட்டசபை உறுப்பினர் ஒருவர் புதுச் சட்டம் கொண்டுவர நினைத்தால் இவர்களைக் கூப்பிட்டுக் கேட்பாராம். இவளுக்குப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லக் கூடாதாம். சட்டம் வந்தால் ஆபீஸில் என்ன மாறும், கடைக்காரர்களுக்கு என்ன ஆகும் — அதை மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அபிப்பிராயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு சம்பளமா?

பழங்குடியினர் விஷயம் வேறு. அந்த மாநிலம் உண்டாவதற்கு முன்னாலிருந்தே இருப்பவர்கள். சொந்த நிலம், சொந்த அரசாங்கம். இவர்கள் போட்ட விதி அவர்கள் எல்லைக்குள் அப்படியே செல்லாது. சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேசித்தான் ஒப்பந்தம் போட வேண்டுமாம்.

"ஒரு விதியை மாத்தணும்னா எழுதுறதுக்கு முன்னாடியே போய்க் கேக்கணும் அத்தை. எழுதி முடிச்சுட்டுக் கொண்டுபோய் நீட்டினா, அது கேக்குறது இல்ல… தகவல் சொல்றது. காப்பி குடுத்து மரியாதையா அனுப்பிருவாங்க. கையெழுத்து விழாது."

ரோசலின் அக்கா டீ கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார். ஷீபா காரில் சொன்ன அந்தக் காப்பி ஞாபகம் வந்தது.

"ஏட்டி, நீ கஞ்சா விக்கியா?" எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டார்.

"இல்ல மாமி. விக்கிறவங்க ஒழுங்கா விக்காங்களான்னு பாக்குற ஆபீஸ்ல இருக்கேன்."

"நீ தொட்டுப் பாத்திருக்கியா?"

"மாமி, எனக்கு அந்த வாசம் வந்தாலே தலைவலி."

அக்கா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஆனால் முகம் மறுபடியும் இறுகிவிட்டது. ஷீபா விடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என் வேலையைத் தவிர, வேற ஏதாவது மனசுல இருக்கா மாமி?"

நான் என் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

"தேதி யாரு வச்சா?" என்றார் அக்கா.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்ஃப் குடும்பங்களில் கல்யாணத் தேதியை வைப்பது லீவுதான். ராபினுக்கு எப்போது லீவு, அந்தோணிக்கு எப்போது லீவு, டிக்கெட் எப்போது மலிவு — என் தம்பியும், அந்தோணியும், அக்காவின் மூத்த மகனும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டுப் பொருத்தம் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. மண்டபமும் கிடைத்தது. கிடைக்காமல் என்ன… அது தவக்காலத்தின் நட்டநடு. பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தைய நோன்பு நாட்கள்; அதில் எங்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

"தவக்காலத்துல நான் அடுப்புல கறிச்சட்டி ஏத்துறதில்ல. அதுல என் மவனுக்குக் கல்யாணமாம். மண்டபம் புக் பண்ணின பெறவு எனக்கு மெசேஜ் வருது!"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"யாராவது கேட்டாத்தான சொல்லுததுக்கு? நீயுந்தான் கேக்கல."

நான் எங்கே கேட்பது? அந்த குரூப்பில் நானும் இல்லையே!

அந்தோணி கார் சாவியை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தான். பூசையில் மணியடித்து வளர்ந்த பிள்ளை. லீவு காலண்டரைப் பார்த்தவனுக்குக் கோயில் காலண்டர் ஞாபகம் வரவில்லை.

"நீங்களே ஒரு தேதி சொல்லுங்க மாமி" என்றாள் ஷீபா.

"பாஸ்கா முடியட்டும். அதுக்கு அடுத்த வாரம்."

அங்கிருந்தே ராபினுக்குப் போன் போட்டார்கள். 'சூப்பர்வைசரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்றவன், நாங்கள் கிளம்புவதற்குள் திரும்பக் கூப்பிட்டான். லீவைத் தள்ளி வைக்கலாமாம். இவ்வளவுதான்!

லிஃப்ட் வரை வந்த அக்கா ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலையை விட வேண்டாம் மோளே. கல்யாணப் பத்திரிகையில மட்டும் அந்த ஆபீஸ் பேரு வேண்டாம்."

"அரசுப் பணின்னு போடுவோம் மாமி."

"அப்ப சரி."

அமெரிக்காவில் ஒப்பந்தங்களும் இப்படித்தான் முடியுமோ என்னவோ. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இரண்டு பக்கமும் ஜெயித்த மாதிரி சிரித்துக்கொண்டு.

ஷீபாவின் ஆபீஸைப் பற்றி எழுதியதெல்லாம் கார் ஓடும்போது காதில் விழுந்தது. பாதி மறந்திருக்கும். அந்தப் பக்கம் இருக்கிற வாசகர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்படியே, வருகிற வருஷம் பாஸ்கா எந்தத் தேதியில் வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள்… எங்கள் வீட்டு ஆண்களிடம் கேட்பதாக இல்லை.