கேம் வீலில் இருந்த மஞ்சள் புள்ளி

ஹல்துமுல்லையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, என் வேனின் பழைய டைமிங் பெல்ட்டைக் கழற்றினேன். புதியது பண்டாரவளையிலிருந்து வரும்வரை எஞ்சின் திறந்தே கிடந்தது. இடையில் ஆயுத பூசையும் வந்துபோனது.

பெல்ட் வந்ததும், வால்வுகளை இயக்கும் கேம் வீலில் இருந்த மஞ்சள் புள்ளியை, எஞ்சினில் மேலே உள்ள அடையாளத்துக்கு நேராக வைத்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினேன். பாதியில் இடித்து நின்றது. கழற்றி மாட்டினேன், மறுபடியும் நின்றது. புள்ளி நேராகத்தானே இருக்கிறது? ஒன்றுமே புரியவில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது நான் வச்ச சந்தனப் பொட்டுங்க. தெறந்து கெடந்துச்சே, அதுக்கும் ஒன்னு வச்சேன்."

துடைத்துத் தேடியபோது, வீலின் உண்மையான அடையாளம் எண்ணெய்ப் பிசுக்குக்குள் வேறு பக்கம் இருந்தது. சாவியைத் திருப்பியிருந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கும்.

இந்த வருடம் பூசையன்று, பொனட்டை மூடிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன்.