ஸ்டெல்லா மிஸ்ஸும் ரெண்டாம் பக்கமும்

ஸ்டெல்லா மிஸ் இன்னைக்கு காலையில தவறிட்டாங்களாம். ஸ்கூல் குரூப்புல ஒரே வரி மெசேஜ்...

றொசல்லப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல சுகாதாரம் படிப்பிச்சவங்க.

எங்களுக்கு புக் குடுத்தப்போ இனப்பெருக்கப் பாடத்த மட்டும் பின் அடிச்சி மூடியிருந்தாங்க. மிஸ் கிளாசுக்கு வந்து ஒவ்வொரு பின்னா கழட்ட வச்சாங்க.

"வீட்டுல ஒளிஞ்சி பார்க்கிறத இங்கயே பார்த்துருங்கடி. சந்தேகம்னா என்கிட்ட கேளுங்க, பஸ்ஸுல வர்ற அண்ணன்மார்கிட்ட கேக்காதீங்க."

அந்தப் பாடத்த விட்டுருங்கனு மேல இருந்து போன் வரும். மிஸ்ஸோட பதில் ஒண்ணுதான். "எழுத்துல குடுங்க சேர்."

எழுத்துல எதுவுமே வந்ததில்ல.

போன வருஷம் அரசாங்கம் புதுசா பாலியல் கல்வி புக் கொண்டு வருதுனு வாட்ஸ்அப் பூரா கதை. புக்க யாரும் பார்க்கல. நானும்தான். மகள் அதே ஸ்கூல்ல ஆறாம் ஆண்டு... பயந்துட்டேன்.

அந்த நேரம் பார்த்து கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு ஒரு பெட்டிஷன் வந்துச்சி. சிங்களத்துல, டைப் அடிச்சி.

"நீ படிச்ச புள்ள, என்னா போட்டிருக்குனு பாரு"ன்னு லெட்சுமியக்கா நீட்டுனாங்க. மொதல் பக்கத்த வாசிச்சேன். "புதுப் பாடம் இப்போதைக்கு வேணாமாம், அவ்ளோதான்க்கா"ன்னேன்.

மொத கையெழுத்து என்னோடது. பின்னாலயே எல்லாரும் வச்சாங்க.

நான் வாசிக்காத ரெண்டாம் பக்கத்துலதான் மிஸ்ஸ எங்க ஸ்கூல்ல இருந்து மாத்தச் சொல்லி இருந்திச்சி.

மிஸ்ஸ தூரத்துல நல்லதண்ணி ஊர்ப் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. புது புக்கும் வரல, பழைய பாடத்தையும் இப்ப யாரும் எடுக்கிறதில்ல.

எங்க தோட்டத்துல அப்படி சிங்களம் எழுத என்னை விட்டா ஆளில்ல. நான் எழுதல. அப்போ யாரு?

அப்புறம் ஒரு தடவ ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல மிஸ்ஸ கண்டேன்.

"மகள் பெரிய புள்ளையாயிட்டாளா?"

"இன்னும் இல்ல மிஸ்."

"அதுக்கு முன்ன சொல்லிக் குடுத்துரு. பயந்துருவா."

பெட்டிஷன் பத்தி அவங்க கேக்கல. நானும் சொல்லல...

இந்த வாரம் மகள் ஒரு படிவம் கொண்டு வந்தா. வெளியில இருந்து வந்து 'சுகாதார விழிப்புணர்வு' நடத்துவாங்களாம், பெத்தவங்க சம்மதம் வேணுமாம். யாரு வர்றாங்க, என்னா சொல்லப் போறாங்கனு ரெண்டு பக்கத்துலயும் ஒரு வரி இல்ல.

கையெழுத்து வைக்கல. கீழ எழுதியிருக்கேன்... "எழுத்துல குடுங்க."

மகளுக்கு நாளைக்கு நானே சொல்லப் போறேன். எப்படி ஆரம்பிக்கிறதுனுதான் தெரியல.

ரெண்டு பக்கமும் வாசிச்சிட்டேன் மிஸ்... போயிட்டு வாங்க.